பார்டோக் வரைந்த கோடும் அதைத் தாண்டிய இசையும்

ஹங்கேரிய நாட்டுப்புற இசை மேற்கத்திய செவ்வியல் இசைக்குள் எப்படி வந்தது என்று எங்கே படிக்கப் போனாலும் பெரும்பாலும் ஒரே கதைதான் கிடைக்கும். ஹைடன், லிஸ்ட், பிராம்ஸ் எல்லாரும் ஜிப்சி குழுக்கள் வாசித்ததைக் கேட்டு, அதுதான் ஹங்கேரிய இசைன்னு நம்பிட்டாங்க. அப்புறம் பார்டோக்கும் கோடாயும் கிராமம் கிராமமாகப் போய் உண்மையானதைக் கண்டுபிடித்தார்கள். ஆக முன்னது போலி, பின்னது அசல். இந்தக் கதையில் பாதி உண்மை. மீதிப் பாதியை அந்த சேம்பர் இசையே மறுக்கிறது என்பதுதான் என் கட்சி.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். 1904 கோடையில் லிடி டோசா என்ற டிரான்சில்வேனியப் பணிப்பெண் பாடியதைத் தற்செயலாகக் கேட்கிறார் பார்டோக். நகரத்தில் அவர் கேட்டுப் பழகிய எதையும் போல அது இல்லை. 1905இல் கோடாய் கிராமங்களில் பாட்டு சேகரிக்க ஆரம்பிக்கிறார். இருவரும் கைகோத்து, எடிசன் ஃபோனோகிராஃபையும் மெழுகு உருளைகளையும் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். 1906இல் 20 பாட்டுகள் பியானோ துணையோடு அச்சாகின்றன.

பழைய அடுக்குப் பாட்டுகளில் அவர்கள் கண்டது நாலு விஷயம். ஒன்று, ஐந்தே சுரம். இரண்டு, மெட்டு மேலே தொடங்கிக் கீழே இறங்கும். மூன்று, பல பாட்டுகளில் முதல் பாதி பாடியதையே இரண்டாம் பாதி ஐந்து சுரம் தள்ளிக் கீழே பாடும். நான்காவதுதான் எனக்கு முக்கியம்: தாளக்கட்டுக்குள் அடங்காமல், பேச்சு போகிற போக்கில் பாடுவது. கிட்டத்தட்ட விருத்தம் பாடுவது மாதிரி. ஹங்கேரிய மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும். மெட்டும் அப்படியே முதல் சுரத்திலேயே ஊன்றி நிற்கும்.

இதைச் செவ்வியல் இசையில் எப்படிப் பயன்படுத்துவது? 1931இல் பார்டோக் மூன்று வழிகளைச் சொன்னார். எங்க தொழில் பாஷையில் சொன்னா: கோடை அப்படியே காப்பி பண்றது, அதே ஸ்டைலில் நாமே எழுதுறது, மூன்றாவது, அந்த மொழியிலேயே யோசிக்கப் பழகிக்கிறது. மூன்றாவதுக்கு அவருடைய நான்காம் ஸ்ட்ரிங் குவார்டெட்டைவிட (1928) நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதன் மூன்றாம் பகுதியில் மற்ற மூன்று வாத்தியங்களும் ஒரு சுரக்கூட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க, செல்லோ மட்டும் தனியாகப் பேசுகிறது. எந்தக் கிராமத்துப் பாட்டும் அங்கே இல்லை. ஆனால் முதல் சுரத்தில் ஊன்றி, அலங்கரித்து, தயங்கி இறங்குகிற அந்தப் பாணி முழுக்க கிராமத்துடையது.

எந்தக் கிராமம்னு கேட்டா அங்கேதான் சிக்கல். ஹங்கேரியப் பழம்பாட்டு கேட்கிறது. ருமேனியர்களின் ஹோரா லுங்கா என்ற நீண்ட பாட்டும் கேட்கிறது. இரண்டையும் பார்டோக் சேகரித்திருந்தார். இரண்டாம் குவார்டெட்டின் நடுப்பகுதியில் 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ராவில் கேட்ட அரபு இசையின் தடம் இருக்கிறது. ஐந்தாம் குவார்டெட்டின் (1934) நடுப்பகுதி 4+2+3 என்று நொண்டும் பல்கேரியத் தாளம். சுத்த ஹங்கேரியம் என்று இந்தக் குவார்டெட்டுகளைப் புகழ்கிறவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

இப்போது 'போலி' பக்கம் வருவோம். ஜிப்சிகள் என்று மற்றவர்கள் அழைத்த ரோமா மக்களின் இசைதான் ஹங்கேரிய இசை என்று லிஸ்ட் 1859இல் ஒரு புத்தகமே எழுதினார். அது தப்பு, அவர்கள் வாசிப்பதில் பெரும்பகுதி ஹங்கேரியக் கனவான்கள் இயற்றிய ஜனரஞ்சகப் பாட்டு என்று பார்டோக் திருத்தினார். சரியான திருத்தம்தான். ஆனால் அது 'யார் இயற்றியது' என்ற கேள்விக்கு மட்டுமே பதில். 'யார் வாசித்தது, எப்படி வாசித்தது' என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. போலி என்ற முத்திரை கடைசியில் விழுந்தது, இயற்றிய கனவான்கள் தலையில் இல்லை. வாசித்த ரோமாக்களின் தலையில்.

பிராம்ஸ் பிடித்துக்கொண்டது அந்த வாசிப்பைத்தான். 1861இல் முடித்த ஜி மைனர் பியானோ குவார்டெட்டின் கடைசிப் பகுதியில் பியானோ சிம்பாலோம் போல, அதாவது சுத்தியலால் தட்டி வாசிக்கும் தந்தி வாத்தியம் போல ஒலிக்கிறது. அது கொண்டாட்டம், கொஞ்சம் வேஷமும் கூட. ஆனால் 30 வருஷம் கழித்து எழுதிய கிளாரினெட் குவின்டெட்டின் (1891) மெதுவான பகுதியைக் கேளுங்கள். நடுவில் தந்திகள் நடுங்கிக்கொண்டிருக்க, கிளாரினெட் கட்டறுந்து மேலும் கீழும் ஓடுகிறது. அங்கே வேஷம் இல்லை. ஒரு ரோமா கலைஞர் அந்த நொடியில் யோசித்து வாசிப்பது போன்ற தவிப்பு மட்டும் இருக்கிறது. இதைப் போலின்னு தள்ள எனக்கு மனசு வரல.

பார்டோக்குக்கும் முடியவில்லை என்பதுதான் சுவாரசியம். 1928இல் அவர் எழுதிய இரண்டு வயலின் ராப்சோடிகளும் மெதுவான பகுதி, வேகமான பகுதி என்ற பழைய ஜிப்சி நாட்டிய வடிவத்திலேயே அமைந்தவை. மெட்டுகள் கிராமத்து வயலின்காரர்களிடம் எடுத்தவை. அவர்களில் ரோமாக்களும் உண்டு. 1938இல் ஜாஸ் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேனுக்காகவும் வயலினிஸ்ட் சிகெட்டிக்காகவும் எழுதிய 'கான்ட்ராஸ்ட்ஸ்' படைப்பின் முதல் பகுதிக்கு அவரே வைத்த பெயர் வெர்புங்கோஷ். பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க ஆடிய நடனம் அது. அதை ஊரெல்லாம் பரப்பியது ரோமா குழுக்கள். கட்டுரையில் போட்ட கோட்டை அவர் கையே அழித்துவிட்டது.

பிறகு எழுத்திலும் அது வந்தது. ஐரோப்பாவில் இன சுத்தம் பேசியவர்கள் கை ஓங்கியபோது, 1940 அக்டோபரில் பார்டோக் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். 1942இல் இசையில் இன சுத்தம் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். மெட்டுகள் எல்லை தாண்டிப் போய், மாறி, திரும்பி வருவதால்தான் கிழக்கு ஐரோப்பிய நாட்டுப்புற இசை இவ்வளவு வளமாக இருக்கிறது என்பது அதன் சாரம். அசலைத் தேடி மெழுகு உருளையோடு புறப்பட்டவர் 35 வருஷ வேலைக்குப் பிறகு வந்து சேர்ந்த இடம் கலப்பு.

அசல், போலி என்று பிரிக்கிற பழக்கத்தை விட்டுவிட்டு, பிராம்ஸின் குவின்டெட் மெதுவான பகுதி, நான்காம் குவார்டெட்டின் செல்லோ, பிறகு 'கான்ட்ராஸ்ட்ஸ்' முதல் பகுதி என்று இதே வரிசையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மூன்றும் சேர்ந்து முக்கால் மணி நேரம்கூட ஆகாது. எனக்கு அந்த மூன்றிலும் கேட்பது ஒரே விஷயம்: தாளத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டு, ஒரு ஆள் தன் பாட்டுக்குப் பேசுவது.