ஆலங்குடாவில் எந்தப் பக்கம் ஓடுவது?

சுனாமி ஒத்திகைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பாடம், கடலை விட்டு உள்ளே ஓடுங்கள் என்பது. காலியில் அது பொருந்தும். பின்னால் மேட்டுநிலம் உண்டு. ஆலங்குடா இருக்கும் கற்பிட்டிக் குடாநாட்டுக்கோ மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. இடையில் கிடப்பது தாழ்ந்த மணல் நிலம். கடலுக்கு முதுகு காட்டி ஓடிக்கொண்டே இருந்தால் இன்னொரு நீர்க்கரையில்தான் போய் நிற்க வேண்டும்.

இதனால் எச்சரிக்கை முறையே வீண் என்று சொல்லமாட்டேன். 2004 டிசெம்பர் 26 காலை 6.58க்குச் சுமாத்திரா அருகே கடலடி குலுங்கியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை நமது கிழக்குக் கரையை அடைந்தது. 35,000க்கும் மேற்பட்டோர் இறந்தது, அந்த இடைவெளியில் சொல்ல ஆளில்லாததால். அதன் பிறகே 2005இன் 13ஆம் இலக்கச் சட்டமும், அனர்த்த முகாமைத்துவ நிலையமும், 77 எச்சரிக்கைக் கோபுரங்களும் வந்தன. 2012 ஏப்ரல் 11இல் 8.6 அளவில் மீண்டும் அதிர்ந்தபோது மக்கள் நேரத்தோடு கரையை விட்டு வெளியேறினார்கள். கடலடிப் பாறை பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை. ஆனாலும் அந்த வெளியேற்றத்தை வெற்றி என்றே கொள்ள வேண்டும்.

சுமாத்திராவுக்கு அருகிலுள்ள சிமிலு தீவில் 1907ஆம் ஆண்டுப் பேரலையின் நினைவு வாய்வழியாக நிலைத்திருந்தது. நிலம் குலுங்கியதுமே மக்கள் மலையேறினார்கள். சுமார் 78,000 பேரில் 7 பேரே இறந்தனர். இந்தக் கதையை நாமும் மேடைதோறும் சொல்கிறோம். ஆனால் ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் நடக்கும் அதிர்வு ஆலங்குடாவில் உறங்குபவரை எழுப்பாது. கடல் உள்வாங்கும் என்று காத்திருப்பதும் ஆபத்து. 2004இல் இலங்கைக்கு முதலில் வந்தது நீரேற்றம்தான். களுத்துறையில் கடல் வெகுதூரம் பின்வாங்கி நின்றது அதற்குப் பிறகு, காலை 10 மணி கடந்து. முதல் அலை போய்விட்டது என்று கரைக்கு இறங்குவதே உயிரைப் பறிக்கும். ஒத்திகை ஒரு சைரனோடு முடிந்துவிடுவதால் மணிக்கணக்கில் காத்திருக்கும் பழக்கம் யாருக்கும் வருவதில்லை.

2004இல் புத்தளக் கரை பெரிதாக அடிபடவில்லை. 'இங்கே வராது' என்ற நம்பிக்கைக்கு அது போதும். ஆனால் 1945இல் மக்ரான் கரையில் எழுந்த சுனாமி அரபிக் கடல் பக்கமிருந்தும் அலை வரலாம் என்று காட்டியிருக்கிறது.

கோபுரங்கள் பல பழுதாகிக் கிடந்த காலங்களும் உண்டு. எப்போதோ ஒருமுறை ஒலிக்கும் கருவி கெட்டால் யாருக்கும் தெரியாது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி நாளுக்கு ஐந்து வேளை பாங்கு சொல்கிறது. கெட்டால் அடுத்த வக்துக்கே ஊர் அறியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வாழவந்த குடும்பங்களுக்கும் தமிழில் பேசும் அந்தக் குரல் பழகியது. அதற்கு ஒரு பற்றரியும், ஒலிக்கச் சொல்லும் அதிகாரமும் கொடுத்தால் கோபுரத்தை விட நம்பகமானது என்பது என் கணிப்பு. எச்சரிக்கை கேட்டதும், தாழ்ந்த இந்த நிலத்தில் ஓடும் திசைக்குப் பதிலாக ஏறும் மாடி வேண்டும். எந்தக் கட்டடம் அலையைத் தாங்கும் என்பதைப் பொறியியலாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வள்ளத்தில் இருப்பவருக்கோ அறிவுரை நேர்மாறானது: கரைக்குத் திரும்பாதே, ஆழத்துக்குப் போ. அதை அவருக்கு யார் அறிவிப்பது, பருவத்துக்கு வந்து வாடி போட்டுத் தங்கும் வெளியூர் மீனவரை யார் எழுப்புவது என்பது அடுத்த ஒத்திகைக்கு முன்பே பெயர் குறித்து முடிவாக வேண்டும்.