கோனார் என்கிற வசவு

நம் சிறுபத்திரிகை விமர்சகர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளக் கைவசம் வைத்திருக்கும் வார்த்தைகளில் 'கோனார்' ரொம்பச் சௌகரியமானது. ஒரு கவிதையை வரிக்கு வரி உரைநடையாக்கி, 'இதனால் கவிஞர் கூற வருவது யாதெனில்' என்று ஒருவர் முடித்தால் போதும், அவர் கோனார். மேற்கொண்டு நிரூபணம் வேண்டாம். கேட்கிறவர் சிரித்துவிடுவார், சிரித்துவிட்டால் காரியம் முடிந்தது. நானும் சொல்லியிருக்கிறேன். கடைசியாகச் சொன்னது வண்ணார்பேட்டையில், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருபது பேர் கூடிய கூட்டத்தில். ஆற்றங்கரையைப் பற்றி ஒரு இளைஞர் எழுதிய கவிதைக்கு நண்பர் ஒருவர் கட்டுரை வாசித்தார். என் முறை வந்ததும் 'இது சுத்தக் கோனார்' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், கவிதை எழுதிய பையன் உட்பட.

வெளியே வரும்போது பின்பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். அந்தத் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர். தெரு முழுக்க அவரைக் கோனார் என்றுதான் கூப்பிடும்.

'எங்க பேரைச் சொன்னதும் என்னத்துக்கு எல்லாரும் சிரிச்சிய?'

'உங்களச் சொல்லல அண்ணாச்சி. அது ஒரு புஸ்தகம்.'

'புஸ்தகம்னு தெரியும். எம் மகன் அதைப் படிச்சித்தான் பத்தாவது தேறினான். அதுல சிரிக்கதுக்கு என்ன இருக்குன்னுதான் கேக்கேன்.'

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

புத்தகம் எல்லோருக்கும் தெரிந்ததே. திருச்சி தூய வளனார் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஐயன்பெருமாள் கோனார் எழுதி, பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட பாடநூல் உரை. 1940களில் தொடங்கியது. வாங்கினவர்களில் நூற்றுக்கு ஒருவருக்காவது 'ஐயன்பெருமாள்' ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். பட்டம் மனுஷனை விழுங்கிவிட்டது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சாதி என்ற பிரக்ஞையே இல்லாமல் உச்சரிக்கிற ஒரு சாதிப் பட்டம் வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தது, விசித்திரம்தான். பிறகு அது வகுப்பறையையும் தாண்டிவிட்டது. சினிமா புரியவில்லை என்றால் 'கோனார் நோட்ஸ் இருக்கா?' என்கிறோம். தலைவரின் அறிக்கைக்கு அடுத்த நாள் தொண்டர் விளக்கம் சொன்னால், அவர் கோனார் உரை எழுதுகிறார்.

பட்டங்கள் இப்படிப் பொதுச்சொல்லாவது புதிதில்லை. டீக்கடையில் நிற்கிறவர் யாரானாலும் நாயர்; வட்டிக்கடைக்காரர் யாரானாலும் சேட்டு. ஆனால் எல்லாப் பட்டங்களுக்கும் ஒரே கதி நேர்வதில்லை. இதே வண்ணார்பேட்டையை ஒட்டி, 1843இல் கட்டிய சுலோசன முதலியார் பாலம் தாமிரபரணியைக் கடக்கிறது. அங்கே 'முதலியார்' கல்லில் நின்று மரியாதை வாங்குகிறது. 'வண்ணார்' ஊர்ப்பெயருக்குள் கரைந்து, பஸ் கண்டக்டர் கூவும்போது யார் காதிலும் சாதியாக விழுவதில்லை. 'பிள்ளை' என்ற பட்டத்துக்குத் திருநெல்வேலியில் வளர்ந்த புதுமைப்பித்தனே கிடைத்தார். தகப்பனார் சொக்கலிங்கம் பிள்ளை. மகன் வெறும் சொ. விருத்தாசலம். தான் கழற்றிய பட்டத்தைக் கந்தசாமிப் பிள்ளைக்கும் பிரமநாயகம் பிள்ளைக்கும் போட்டு, அதன் பெருமையையும் தரித்திரத்தையும் ஒருசேரக் காட்டினார். அங்கே கிண்டல் உள்ளே இருந்து வருகிறது, பாத்திரத்தின் மேல் பிரியத்தோடு வருகிறது. நம்முடைய 'கோனாரி'ல் அந்தப் பிரியம் கிடையாது.

உரை எழுதுவதே இழிவு என்றும் நாம் நினைப்பதில்லை. பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் சொல்லுக்குப் பொருள் சொன்னவர்கள்தாம். அவர்கள் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் திட்டுவதில்லை. கோனார் செய்த தப்பு, எட்டாம் வகுப்புப் பையனுக்காக, பரீட்சைக்காக எழுதியது. 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று கேட்டது கல்வித்துறை. பதில் சொன்னவர் அவர். வீட்டில் சொல்லித்தர அப்பாவும் தாத்தாவும் இருந்த பையனுக்கு அந்த உரை தேவைப்படவில்லை. பெரியவரின் மகனுக்குத் தேவைப்பட்டது. இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். என் தகப்பனார் வாத்தியார்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. அன்று நான் திட்டியது சரியான குற்றத்துக்குத்தானா? வீட்டுக்கு வந்து நண்பரின் கட்டுரையை மறுபடி படித்தேன். கவிதையில் பேராச்சி அம்மன் கோயில் பக்கத்துப் படித்துறை வருகிறது; ஒரு துவைகல் வருகிறது; அதன் மேல் யாரும் இல்லை. அவ்வளவுதான் கவிதை. நண்பர் ஆற்றைக் காலப் பிரவாகம் என்கிறார். கல்லை இருப்பின் அபத்தம் என்கிறார். ஆள் இல்லாததைக் கடவுளின் மௌனம் என்கிறார். துணி, கஞ்சி, உவர்மண், வெள்ளாவி எதுவும் கட்டுரையில் இல்லை. அந்தக் கல்லில் நின்று தலைமுறை தலைமுறையாகத் துவைத்தவர்களின் பெயரைத்தான் ஊர் சுமந்துகொண்டிருக்கிறது என்பது, அதே ஊரில் உட்கார்ந்து கட்டுரை வாசித்தவருக்கும் தோன்றவில்லை, கேட்ட எனக்கும் தோன்றவில்லை.

இதற்கும் கோனாருக்கும் என்ன சம்பந்தம்? கோனார் உரையாக இருந்தால் முதல் வரியிலேயே 'துவைகல் – துணி துவைக்கும் கல்' என்று போட்டிருப்பார். கவிதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த ஒரு வரியை எழுத நண்பருக்குக் கூச்சம். நான் அதைக் கேட்டு வாங்காமல், எது அந்தக் கட்டுரையில் இல்லையோ அதன் பெயராலேயே அவரைத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அந்தக் கவிதைக்கு இப்போது நானே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். துவைகல்லைத் தாண்டி இன்னும் இரண்டாவது வரிக்குப் போகவில்லை.