செந்தட்டி

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வேலியோரம் வெறுங்கையால் கொடி இழுப்பவருக்குச் செந்தட்டியை யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம்; அதுவே செய்துகொள்ளும். ரம்பப்பல் விளிம்பு இலை. வெயிலுக்கு நேரே பிடித்தால் தண்டெங்கும் வெள்ளைச் சுணை தெரியும். அதன் நுனியில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசி. தோலில் ஏறியதும் அரிப்பு, தடிப்பு.

நேபாளத்தில் அல்லோ என்னும் காட்டுச் செடிக்கும் இதே குணம். குடும்பம்தான் வேறு, செந்தட்டி ஆமணக்குக்குச் சொந்தம். அல்லோவின் தண்டுப் பட்டையைச் சாம்பலோடு வேகவைத்து, நாரெடுத்துத் துணி நெய்கிறார்கள். செந்தட்டியில் துணி கிடைக்காது. ஆனால் வேர் நாட்டு மருந்துக்கு ஆகிறது. இலையைத் தின்றே சில பட்டாம்பூச்சிப் புழுக்கள் வளர்கின்றன. நம்மைக் கிட்டே விடாத செடி, புழுவுக்குப் பந்தி வைக்கிறது. வேலியில் ஒரு கொடி கிடந்துவிட்டுப் போகட்டுமே!