நினைவேடு: உகாண்டாத் தாய்மார் வகுத்த இலக்கிய வகை

இறந்தாரைக் குறித்து இருந்தார் உரைப்பது கையறுநிலை. தொல்காப்பியர் காஞ்சித் திணையுள் தொகுத்துக் கூறும் இரங்கற் றுறைகளிற் பெரும்பாலானவற்றில் சாவு நிகழ்ந்த பின்னரே சொல் பிறக்கின்றது. கணவனை இழந்தாள் புலம்புகின்றாள். புரவலனை இழந்த பாணன் ஏங்குகின்றான். நண்பனை இழந்த புலவன் நடுகல்லை நோக்கிப் பாடுகின்றான். இறக்கும் நிலையில் உள்ளவரே, தமக்குப்பின் வாழவேண்டிய மக்களை முன்னிலைப்படுத்தி, ஒரு நூல் எழுதுவாராயின் அதனை எத்துறையின்பாற் படுத்துவது? இவ்வினா வெறுங் கற்பனையன்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உகாண்டா நாட்டில், எச்.ஐ.வி. நோயுற்ற தாய்மார் பலர் இத்தகைய நூல்களைத் தம் கைப்பட எழுதினர். அவற்றுக்கு நினைவேடு என்பது பெயர். மருத்துவத் துறையினரும் குழந்தை நலத் துறையினரும் அவற்றைப் பற்றி எழுதியுள்ளனர். இலக்கியத் திறனாய்வாளர் அவற்றின் பக்கம் திரும்பியது குறைவு. திரும்பிய சிலரும் அவற்றை இரங்கற்பாவின் இனமாகவே கொண்டனர். அங்ஙனங் கொள்ளுதல் பொருந்தாது என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதற்கண் இவ்வேடுகள் பிறந்த சூழலை அறிதல் வேண்டும். 1982-ஆம் ஆண்டளவில், விக்டோரியா ஏரிக்கரையில் அன்று இருந்த ராக்காய் மாவட்டத்தில் உடலை உருக்கிக் கொல்லும் நோயொன்று பரவக் கண்டனர். மக்கள் அதற்கு ‘மெலிவு நோய்’ எனப் பொருள்படும் பெயரை வழங்கினர். பின்னரே அஃது எய்ட்சு எனத் தெளிந்தது. ஏனைய கொள்ளை நோய்கள் பெரிதும் குழவிகளையும் முதியோரையும் கொண்டு செல்லும். இந்நோயோ பெற்றோர் ஆகும் பருவத்தாரைக் கொண்டு சென்றது. கணவனைத் தொடர்ந்து மனைவியும் மாண்டாள். சிற்றூர்களில் பாட்டிமாரும் பேரப்பிள்ளைகளும் எஞ்சினர். நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் இத்துயர் தீர்ந்தபாடில்லை. எய்ட்சினால் தாயையோ தந்தையையோ இருவரையுமோ இழந்த பதினெட்டு வயதுக்குட்பட்டார் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பேர் என 2022-ஆம் ஆண்டிற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பினர் மதிப்பிட்டனர். அவருட் பெரும்பாலார் சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்க நாடுகளினர்.

உகாண்டாவின் நடுப்பகுதியில் வாழும் கண்டா மக்களின் மொழியில் பெற்றோரை இழந்த குழந்தையை ‘முலேக்வா’ என்பர். ‘விட்டுச் செல்லப்பட்டது’ என்பது அதன் வேர்ப்பொருள். இச்சொல் நுணுகி நோக்கத்தக்கது. இழந்தவரை அது சுட்டவில்லை. விட்டுச் சென்றவரின் செயலையே சுட்டுகின்றது. விட்டுச் செல்லுதல் ஒரு வினையாயின், அதனைச் செவ்வனே செய்தலும் பிழைபடச் செய்தலும் உண்டு. நினைவேடு என்பது விட்டுச் செல்லுதலைச் செவ்வனே செய்தற்கு ஒரு தாய் மேற்கொண்ட முயற்சி.

கண்டா மக்களிடையே குழந்தை தந்தையின் குலத்தைச் சார்ந்தது. ஒவ்வொரு குலத்திற்கும் ஒரு விலங்கோ செடியோ அடையாளமாக உண்டு. குழந்தைக்கு இடும் பெயரே அதன் குலத்தைக் காட்டிவிடும். தன் குலத்திலும் தாயின் குலத்திலும் மணம் செய்தல் ஆகாது. ஆதலின் இரு குலமும் அறியாதவன் மணம் பேசவும் இயலாது. தந்தையின் உடன்பிறந்தாளைச் ‘செங்கா’ என்பர். பெண்மக்களுக்கு வாழ்க்கை நெறியைக் கற்பிக்கும் பொறுப்பு அவளுடையது. ஒருவர் மறைந்தபின் நிகழும் இறுதிச் சடங்கிற் சுற்றத்தார் கூடி அவருக்கு வழித்தோன்றலை நிறுத்துவர். எஞ்சிய மக்களை யார் பேணுவது என்பதும் அங்கே முடிவாகும். இவ்வமைப்பில் ஏதிலிக் குழந்தை என ஒன்று இருத்தற்கே இடமில்லை. ஆயின் இவ்வமைப்பு முழுவதும் வாய்மொழியில் நிற்பது. செங்காவும் இறந்து, சிற்றப்பனும் இறந்து, சடங்கிற்கு வரவேண்டிய தலைமுறையே குறைந்துபோன காலத்தில் அவ்வறிவைக் குழந்தைக்கு எடுத்துரைப்பார் இலராயினர். எழுத்து அவ்விடத்திற் புகுந்தது.

1990களில் இங்கிலாந்தில், பர்னார்டோ குழந்தைக் காப்பு அமைப்பினர், ஆங்குக் குடியேறி நோயுற்றிருந்த ஆப்பிரிக்கத் தாய்மாரோடு இருந்து இம்முறையைத் தொடங்கினர். அதனை உகாண்டாவிற் பரப்பியவர், எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களே கூடி அமைத்த நக்வோலா என்னும் சங்கத்தார். இலண்டனிற் பிறந்த முறையாயின் அயல்நாட்டுச் சரக்கு என ஒதுக்கலாமோ எனின், ஆகாது. ஆப்பிரிக்கத் தாய்மாரின் தேவையிலிருந்து பிறந்து, ஆப்பிரிக்கத் தாய்மாரிடமே மீண்ட முறை அது.

இனி, ஏட்டின் அமைப்பு. ஒவ்வோர் ஏடும் ஒரு குழந்தைக்கே உரியது; மூவர் மக்களாயின் ஏடும் மூன்று. பக்கங்களுக்குத் தலைப்புகள் உண்டு. நீ பிறந்த நாள், நீ முதலிற் பேசிய சொல், நீ விரும்பிய உணவு, உனக்கு வந்த நோய்கள், உன் தந்தை, நான் வளர்ந்த வீடு, நம் குடும்ப மரம், நம் வழக்கங்கள், உன்னைப் பற்றி நான் கருதுவது என்றாங்குச் செல்லும் அவை. எழுத்தறியாதார் படம் வரைந்தனர்; பிறரைக் கொண்டும், மூத்த மக்களைக் கொண்டும் எழுதுவித்தனர்.

இத்தலைப்புகளை மேற்போக்காக நோக்குவார்க்கு இவை பள்ளிப் பிள்ளைகள் நிரப்பும் படிவம் போலத் தோன்றும். ஈண்டே திறனாய்வாளர் வழுக்கி விழுகின்றனர். தாய் தன் துயரைக் கூறும் பக்கமே இலக்கியம் என்றும், மாமன் பெயரும் ஊரின் பெயரும் வரும் பக்கம் வெறுங் குறிப்பு என்றும் அவர் பிரித்துவிடுவர். உண்மை அதற்கு நேர்மாறானது என்பேன். துயரைக் கூறும் பக்கத்தில் எல்லாத் தாய்மாரும் ஏறக்குறைய ஒன்றே கூறுவர். கூறுதற்கு வேறு யாது உளது? குறிப்புப் பக்கத்திலேயே ஒவ்வொரு தாயும் தனித்து நிற்கின்றாள். குழந்தை எந்த மாதத்தில் தவழ்ந்தது, எந்தக் கிழங்கை உண்ண மறுத்தது, காய்ச்சல் கண்ட இரவில் யார் தூக்கிச் சென்றார் என்பவற்றை வேறு எவரும் அறியார். தாய் மறைந்தால் இவை உலகத்தினின்றே மறையும். தன் மழலைப் பருவத்தைத் தானே நினைவு கூரும் ஆற்றல் எந்த மனிதனுக்கும் இல்லை. நம் மூன்றாம் வயது வரையிலான வரலாறு முழுவதும் பிறர் சொல்லக் கேட்டதே. பெற்றோரை இழந்த குழந்தை அப்பகுதியையும் சேர்த்து இழக்கின்றது. இவ்விழப்பைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

மற்றொரு நுட்பமும் உண்டு. எழுதும்போது முன்னிலையில் இருக்கும் குழந்தைக்கு வயது ஐந்து. படிக்கும்போது பதினைந்தோ இருபதோ ஆகலாம். ஆகவே இரண்டு கேட்போரை நோக்கித் தாய் ஒரே குரலிற் பேச வேண்டும். தன் நோயின் பெயரைக் கூறாது விட்டால் வளர்ந்த மகன் ஏமாற்றப்பட்டவன் ஆவான். கூறினால், ஏட்டை மாற்றார் படிக்க நேரின், குழந்தை ஊராரின் இகழ்ச்சிக்கு ஆளாகும். ‘உன் தந்தை’ என்னும் தலைப்பின் கீழ் எழுதுதல் இன்னும் கடினம். நோயை மனைக்குக் கொணர்ந்தவன் அவனாயினும், மகன் வெறுக்காத வண்ணம் அவனைக் கூறவேண்டும்; பொய்யும் கூறலாகாது. எந்நாட்டுக் காப்பியப் புலவனுக்கும் இதனினும் அரிய பணி வாய்த்ததில்லை.

இவ்வேடுகளை உலகோர் பலர் அறியச் செய்தவர் சுவீடன் நாட்டு எழுத்தாளர் ஹென்னிங் மான்கெல். துப்பறியும் புதினங்களாற் புகழ் பெற்ற அவர், மொசாம்பிக்கில் நெடுங்காலம் நாடகப் பணி ஆற்றியவர், 2015-இல் மறைந்தார். உகாண்டாவிற்குச் சென்று நினைவேடு எழுதுவாரைக் கண்டு அவர் எழுதிய சிறுநூல் 2003-இல் வெளிவந்தது. ‘நான் இறக்கின்றேன், நினைவு வாழ்கின்றது’ என்பது அதன் பெயரின் பொருள். அந்நூலின் நேர்மையை யான் மதிக்கின்றேன். தாய் நோயுற்றிருக்கத் தான் ஒரு மாங்கன்றை வளர்க்கும் சிறுமியைக் காட்டும் பகுதி படித்தார் நெஞ்சை விட்டு அகலாது. ஆயினும் மான்கெலின் நோக்கு இறப்பாரின் பக்கம் சாய்ந்தது. வருங்காலத்தார் நம் காலத்தை அறிதற்குரிய சான்றுகளாக அவர் இவ்வேடுகளைப் போற்றுகின்றார். நூற்பெயரே அதனைப் புலப்படுத்தும்: வாழ்வது நினைவு. எழுதிய தாய்க்கோ வாழவேண்டியது குழந்தை. நினைவு அதற்குக் கருவி. கருவியைக் கல்வெட்டாக்கிவிட்டால், அதனைக் கையில் ஏந்தி நிற்கும் குழந்தை நம் கண்ணுக்கு மறைந்துபோகும். நடுகல்லைப் பாடிப் பழகிய மரபினராகிய நமக்கும் இப்பிழை எளிதில் நேரும்.

நம் இலக்கியத்தில் இதற்கு இனமானது எது எனத் தேடினால், கையறுநிலைப் பாடல்களை விட்டுப் புறநானூற்றின் 200, 201, 202-ஆம் பாடல்களுக்குச் செல்லுதல் வேண்டும். பாரி மாய்ந்தபின் அவன் மகளிரைக் கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் செல்கின்றார். இம்மகளிர் யாவர் என்பதற்கு விடையாக அவர் தந்தை செய்த கொடையைக் கூறுகின்றார். அவன் தோழனாகிய தாமும் அவர்க்குத் தந்தைமுறை என்கின்றார். ஏற்பானது குடிவரலாற்றையும் எடுத்துரைக்கின்றார். இன்னார் மகள், இன்னார் பொறுப்பு, இனி நின் கடன் என்னும் மூன்றும் அங்கு உள. நினைவேட்டின் குடும்ப மரப் பக்கமும் இம்மூன்றையே செய்கின்றது.

அம்முயற்சியின் முடிவையும் மறைத்தலாகாது. அரசர் இருவரும் ஏற்றிலர். மகளிரைப் பார்ப்பாரிடத்து ஒப்படைத்துக் கபிலர் வடக்கிருந்தார் என்பதைப் பழைய கொளுவால் அறிகின்றோம். எத்துணைச் சிறந்த சொல்லாயினும், ஏற்பார் இல்வழி அது நின்று பயன்படாது. குலமும் கொடையும் கூறிய கபிலரின் சொல்லுக்கே அந்நிலையாயின், எழுத்துக் கூட்டி எழுதிய ஓர் ஏழைத்தாயின் சொல் எங்ஙனம் பயன்பட்டது?

இதற்கு விடை ஏட்டிற்கு வெளியே உள்ளது. நக்வோலாப் பெண்கள் தனித்திருந்து எழுதினாரல்லர். குழுவாகக் கூடியிருந்து எழுதினர். ஒருத்தி எழுதுவதை மற்றொருத்தி அறிவாள். ஒருத்தி படுக்கையிலானால் அவள் வீட்டிற்கு மற்றையோர் செல்வர். ஏடு எழுதத் தொடங்கிய தாய், நோயைக் குழந்தையிடம் கூறுதல், காப்பாளர் ஒருவரை உயிரோடிருக்கும்போதே தேர்ந்து அவர் இசைவைப் பெறுதல், நிலத்தையும் வீட்டையும் பற்றி எழுதி வைத்தல் ஆகியவற்றையும் அக்குழுவின் துணையோடு செய்தாள். கணவன் இறந்த மறுநாளே உறவினர் வந்து பாயும் பானையும் உட்பட அள்ளிச் செல்லும் கொடுமை அந்நாட்டிற் பலவிடத்தும் நிகழ்ந்ததாகலின், இறுதியிற் கூறியது சிறு செயலன்று. லுவேரோ, டொரோரோ ஆகிய மாவட்டங்களில் இப்பணியை ஆராய்ந்தோர், காப்பாளரைக் குறித்து வைத்த பெற்றோர் தொகை உயர்ந்ததைக் கண்டனர். கண்டா நாட்டுச் சிற்றூர்களில் ‘முன்னோ முக்காபி’, அதாவது ‘இடுக்கண் நண்பன்’, எனப்படும் உதவிக் குழுக்கள் ஈமச் செலவிற்கும் நோயுற்றார்க்கும் துணை நின்றன. ஏடு எழுதிய பெண்கள் இப்பழைய மண்ணிலேயே காலூன்றினர். கபிலர் ஏற்பாரைத் தேடி மலைதோறும் நடந்தார். இப்பெண்களோ ஏற்பாரை முதலில் அமைத்துக்கொண்டு பின்னரே எழுதினர்.

தென்னாப்பிரிக்காவில் இம்முறை வேறு வடிவம் கொண்டது. பீட்டர்மாரிட்சுபர்க் நகரில் பிலிப் டெனி என்னும் வரலாற்றறிஞர் நிறுவிய சினோம்லாண்டோ மையத்தார் நினைவுப் பெட்டியை வழங்கினர். ‘எங்கட்கு வரலாறு உண்டு’ என்பது அச்சூலுச் சொல்லின் பொருள். அங்கே பாட்டியும் குழந்தையும் கூடியிருந்து கதை கூற, அதனைப் பதிந்து, நிழற்படமும் இறந்தாரின் சிறு பொருளும் சேர்த்துப் பெட்டியில் வைப்பர். குழந்தையும் வினவலாம், மறுத்துக் கூறலாம். உகாண்டா ஏட்டில் குழந்தை கேட்போனாக மட்டுமே இருந்தது. இவ்வகையிற் பெட்டி ஏட்டினும் ஒருபடி மேலானது என்றே கூறவேண்டும். ஆயினும் தாயின் குரல் அதில் நேரே ஒலிப்பதில்லை; பிறர் வாயிலாகவே வருகின்றது. இரண்டையும் ஒருங்கே பெறும் குழந்தைகள் மிகச் சிலரே.

இவ்விலக்கிய வகையின் வரலாற்றில் எதிர்பாராத திருப்பமொன்றும் நிகழ்ந்தது. 2004-ஆம் ஆண்டையொட்டி உகாண்டாவில் எச்.ஐ.வி.க்குரிய மருந்து விலையின்றிக் கிடைக்கலாயிற்று. பிரியாவிடை கூறி ஏட்டை முடித்து வைத்திருந்த தாய்மாருட் சிலர் இறந்திலர். இரங்கற்பாவாகக் கொண்டால் அந்நூல் அக்கணமே பொருளிழந்திருத்தல் வேண்டும். எழுதியவள் உயிரோடு அடுப்படியில் நிற்க அவள் விட்டுச் சென்ற சொல்லை எங்ஙனம் படிப்பது? ஆனால் நீ பிறந்த நாள், உனக்கு ஒவ்வாத உணவு, உன் செங்காவின் ஊர், உன் குலம் என்னும் பக்கங்களுள் ஒன்றேனும் பொய்யாகவில்லை. இறப்பைக் கூறிய பக்கமே பொய்த்தது. தாய் உயிரோடிருக்க ஏட்டைப் படிக்கும் மகனுக்கு, முன்பு குழந்தைக்கு இல்லாத உரிமை ஒன்றும் கிடைத்தது. ‘உன் தந்தை’ என்னும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் தாயிடமே வினவலாம்.