பதிப்பெண்ணும் பொறுப்பும்: நிரல்மொழிகள் பற்றிய ஒரு நோக்கு

நூலுக்குப் பதிப்பு இருப்பதுபோல நிரல்மொழிக்கும் பதிப்பு உண்டு. எது மாறியது, எது மாறவில்லை என்பதைப் பயில்வோர்க்கு உணர்த்துவதே பதிப்பெண்ணின் பணி. உ. வே. சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணியை மேலும் ஆராய்ந்து திருத்தி 1907இல் இரண்டாம் பதிப்பாகத் தந்தார். அங்கு ‘இரண்டு’ பொருளுடைய எண். திருத்தமேதுமின்றி மீள அச்சிட்டதையும் இரண்டாம் பதிப்பென விளம்பும் வழக்கில் அவ்வெண் பொருளிழந்து நிற்கின்றது.

நிரல்மொழியில் இதன் விளைவு பெரிது. பழைய பதிப்பை வைத்திருப்பவர் சிந்தாமணியைத் தொடர்ந்து படிக்கலாம். நிரல்மொழி மாறினால் பழைய நிரல் இயங்காமலே போகலாம். 2008 டிசம்பரில் வெளிவந்த பைதன் 3.0 இதற்குத் தக்க சான்று. முந்திய நிரல்கள் பல அதில் இயங்கவில்லை. ஆயினும், யுனிகோட் எழுத்துகளை அது அடிப்படையாகக் கொண்டமையால் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடல் இயல்வதாயிற்று. ஆதலின் மாற்றமும் தவறன்று. முதலெண்ணை மாற்றி அதனை வெளிப்படையாக அறிவித்ததும் தவறன்று. குறை காலக்கணிப்பிலேயே உளது. 2015இல் முடிவதாயிருந்த பைதன் 2இன் பராமரிப்பை 2020 வரை நீட்டிக்க நேர்ந்தது.

மொழி மாறுவதை நன்னூலாரே குற்றமாகக் கொள்ளவில்லையே எனச் சிலர் வினவலாம். பேச்சுமொழி சிறிது சிறிதாக மாறும். அதற்கு ஆணையிடுவார் இல்லை. நிரல்மொழியோ சிலரது முடிவால் ஒரே நாளில் மாறும். வெள்ளகாலத்தில் பெரியகல்லாற்று முகத்துவாரத்தை வெட்டுவோர் வயலுடையோரையும் வாவியில் வலை வீசுவோரையும் ஒருங்கே எண்ணவேண்டும். இருசாராரும் அந்நாளை முன்னரே அறிதல் வேண்டும். 2020 முதல் பைதன் ஆண்டுதோறும் ஒக்டோபரில் புதிய பதிப்பை வெளியிட்டு, ஒவ்வொன்றையும் ஐந்தாண்டு பேணும் முறையைக் கொண்டிருப்பது இவ்வகையில் வரவேற்கத்தக்கது.

முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ தமிழ் நிரல்மொழியையும் இவ்வளவுகோலால் நோக்குதல் தகும். ‘பதிப்பி’ என்பதே அதில் விடையை வெளியிடும் கட்டளை. நிபந்தனையை முன்வைத்து ‘ஆனால்’ எனப் பின்தொடர்வதில் தமிழின் சொல்லொழுங்கு பேணப்பட்டுள்ளது. ஆனால், அதன் வெளியீடுகள் 0 எனத் தொடங்கும் எண்களைத் தாங்கின. ‘இன்னும் முற்றுப்பெறவில்லை, மாறக்கூடும்’ என்பதே மென்பொருள் உலகில் அச்சுழியத்தின் பொருள். அது நேர்மையே. எனினும், கற்பித்தலுக்கென எழுந்த மொழிக்கு அந்நேர்மை மட்டும் போதாது. நமது கிராமத்துப் பாடசாலையில் ஓர் ஆசிரியர் அம்மொழியில் பாடக்குறிப்பு எழுதத் துணியவேண்டுமாயின், இன்று எழுதியது அடுத்த ஆண்டு வகுப்பிலும் இயங்கும் என்ற உறுதி அவருக்கு வேண்டும். தமிழில் நிரல்மொழி செய்வோர் புதிய சொற்களை ஆக்குவதில் காட்டும் ஆர்வத்தை, அவ்வுறுதியை எண்ணாலும் நாளாலும் அளிப்பதிலும் காட்டுவாராக.