பரங்கிமலைச் சிலுவையை எப்படிப் பார்ப்பது?

மதுக்கரைக்காரர்களுக்கு மலையேறிக் கும்பிடுவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தர்மலிங்கேஸ்வரர் மலையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர்கள். அடுத்தமுறை சென்னைக்குப் போகும்போது ஒரு காலை வேளையைப் பரங்கிமலைக்கு ஒதுக்குங்கள். உயரம் சுமார் 300 அடிதான்.

உச்சிவரை கார் போகும். இருந்தாலும் படியேறியே போங்கள். இந்தப் படிகளை 1726இல் அமைத்துக்கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலம் கட்டியவரும் அவரே. ஆற்றைக் கடப்பதிலிருந்து மலையேறுவதுவரை பக்தர்களின் சிரமத்தை ஒரே மனிதர் யோசித்திருக்கிறார்.

மேலே போனதும் எல்லாரும் விமானம் இறங்குவதை வேடிக்கை பார்ப்பார்கள். நீங்கள் ஆலயத்துக்குள் போங்கள். இயேசுவின் சீடரான புனித தோமா இம்மலையில் உயிர்நீத்தார் என்பது நெடுங்கால மரபு. 1547இல் போர்ச்சுக்கீசியர் இங்கே கடைக்கால் தோண்டியபோது ஒரு சிலுவைக்கல் கிடைத்தது. அதுதான் பீடத்தின் சுவரில் பதிந்திருக்கிறது. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நேரத்தில் அதில் இரத்தம் வியர்த்ததாகச் சொல்வார்கள். இந்த ஆலயம் போற்றும் எதிர்நோக்கு அன்னையின் திருநாளும் அன்றுதான்.

கல்லைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். சிலுவையின் அடியில் இதழ்கள் விரிகின்றன. கைகளின் நுனியில் மொட்டுகள். உச்சியில் ஒரு புறா தலைகீழாக இறங்குகிறது. இருபுறத் தூண்களின்மேல் மகரம் போன்ற உருவங்கள். அவற்றிலிருந்து வளைவு கிளம்புகிறது. நம் கோயில் தோரணங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அந்நியமே இல்லை. ஆனால் வளைவைச் சுற்றி ஓடுவது பஹ்லவி, பழைய பாரசீக எழுத்து! 7 அல்லது 8ஆம் நூற்றாண்டு என்று ஆய்வாளர் பலர் கணிக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: சிலுவையில் இயேசுவின் உடல் இல்லை. ஆணியில்லை, காயமில்லை. கொலைமரம் தளிர்த்து நிற்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது. செதுக்கியவர் துக்கத்தைச் சொல்லவில்லை, உயிர்ப்பைச் சொல்கிறார்.

பூசை நேரத்தில் முன்னே போய் நிற்காதீர்கள். முடிந்தபின் அமைதியாகப் பாருங்கள். மனதில் பதிந்துவிட்டால் அடுத்தது கோட்டயம் வலியபள்ளி. இதே வகைச் சிலுவை, இதே பஹ்லவி எழுத்து அங்கேயும் உண்டு. வாளையாறு தாண்டிப் போனால் மதுக்கரையிலிருந்து அது சென்னையைவிடப் பக்கம்.