சட்டம் எட்டிய தூரம்

நிலச்சீர்திருத்தம் பற்றி எழுதுகிறவர்கள் சட்டத்தை வெறும் பிரதியாக வாசித்துப் பழகிவிட்டார்கள். உச்சவரம்பு எவ்வளவு, விலக்கு யாருக்கு, உபரி எத்தனை ஏக்கர் என்பதோடு முடிந்துபோகிறது. ஒரு சட்டம் எந்த ஊர் வரைக்கும் வந்தது, ஏன் அங்கேயே நின்றது? மண்ணாடிப்பட்டிலிருந்து பார்க்கிற எனக்கு இதுதான் முதலில் தோணுது. இங்கே வரப்பைத் தாண்டினால் வேறு மாநிலம். ஊர்ப்பேச்சில் நிலம் குழிக்கணக்கு. பத்திரத்தில் ஆர், சென்டியார் என்று பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன அளவு.

1952இன் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். பண்ணையாள் முறை தஞ்சாவூரின் தனிச்சொத்து அல்ல. தென்னார்க்காட்டிலும் படியாள் இருந்தார். ஆனால் சட்டம் தஞ்சைக்கு மட்டும்தான். காரணம், அங்கே சங்கம் இருந்தது. பி. சீனிவாசராவ் இருந்தார்; 1948இல் சிறையிலேயே இறந்துபோன களப்பால் குப்பு இருந்தார். 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்த வைத்திருந்தார்கள். ராஜாஜி அரசு இரக்கப்பட்டுச் சட்டம் போட்டது என்பது யாரும் நம்பக்கூடிய கதை இல்லை.

புதுச்சேரி ஆட்சிக்குள்ளேயே இன்னொரு சான்று கிடைக்கிறது. 1968இல் மாஹேக்கு மட்டும் தனியாக நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது. சுற்றிலும் கேரளம், அங்கே விவசாயிகள் இயக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் குத்தகைதாரர் பாதுகாப்புக்கு 1970 வரைக்கும், உச்சவரம்புக்கு 1973 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த உச்சவரம்பும் 1972இல் டெல்லி எல்லா மாநிலங்களுக்கும் வகுத்த நெறிமுறைகளை ஒட்டி வந்ததுதான். வ. சுப்பையாவின் இயக்கத்துக்கு உயிர் ஆலைகளில் இருந்தது. 1936 ஜூலை 30இல் 12 தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அங்கேதான். கழனிக்குள் அது தஞ்சை அளவுக்கு இறங்கவில்லை.

சரி, இயக்கம் இருந்த இடத்தில் மட்டும் என்ன கிடைத்தது? என் சண்டை இடதுசாரி வரலாற்றெழுத்தோடுதான். ‘விவசாயி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குத்தகைதாரரையும் கூலியாளையும் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். 1952க்குப் பிறகு குத்தகைதாரருக்கு விளைச்சலில் சட்டப்படியான பங்கு வந்தது. பண்ணையாளை மிராசுதாரர்கள் தினக்கூலிக்கு மாற்றிவிட்டுக் கைகழுவினார்கள். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் எரிந்த 44 பேரும் கூலி கேட்ட சேரியின் மனிதர்கள். அதற்குப் பின் 1969இல் நியாயக்கூலிச் சட்டம், 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம். கூலி உண்டு, மனை உண்டு. உழுகிற நிலம் மட்டும் மிகச் சிலர் கைக்கே போனது. பிற்பாடு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் லாஃப்டி அதே வட்டாரத்தில் தலித் பெண்களுக்கு நிலத்தை விலைகொடுத்து வாங்கித் தர வேண்டியிருந்தது. சட்டம் செய்திருக்க வேண்டியதைக் கடன் வாங்கிச் செய்தார்கள்.

யாரைச் சங்கம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதோ அவரைத்தான் சட்டமும் குறிப்பிட்டது என்று இதை நான் வாசிக்கிறேன். இங்கே லிங்காரெட்டிப்பாளையம் சர்க்கரை ஆலையின் கரும்பு நிலுவைக்காக விவசாயிகள் போராடியது எல்லாருக்கும் தெரியும், நியாயமான போராட்டம். அந்த ‘விவசாயி’க்குள் கரும்பு வெட்டுகிற ஆளும் உண்டா என்று கேட்டால் மட்டும் தோழர்களுக்குக் கோபம் வருது.